இரண்டு முறை பதினெட்டு

நேற்று சத்துமாவு உருண்டை பிடித்தேன். வாணலியில் மாவு சூடேறி அந்த வாசனை எழுந்த மாத்திரத்தில் உன் மேல் கோபம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அந்த வாசனை கைக்குழந்தையை ஞாபகப்படுத்தும். எனக்கு உன்னைத்தான். உன் சேலையில், கைப்பையில், எனக்கு நீ எழுதிக்கொடுத்த மனுக்களில்கூட இந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். பால்வாடி டீச்சருக்குச் சிநேகிதியாக இருந்தால் வேறென்ன மிஞ்சும்? நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் என் அடுப்படியில் நின்றுகொண்டு என் உயிரை எடுக்கிறாய்.

உருண்டை எதற்கு என்கிறாயா? நேற்று சுகன்யாவுக்குப் பதினெட்டு முடிந்தது. இரண்டாவது முறையாக.

முதல் முறை போன ஜூன் ஒன்றாம் தேதி முடிந்தது. அது உன் புண்ணியம். அன்றைக்கு நாங்கள் உருண்டையும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. தலையைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நடந்ததை உனக்கு முறையாகச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் பாதியில் குறுக்கே பேசியிருப்பாய். இப்போது பேச முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் வசதி.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நம் சுகன்யா நல்ல மார்க். நர்சிங் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். திருப்பத்தூரில் இடமும் கிடைப்பதாக இருந்தது. கட்டணத்துக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு, ஆனால் அது வருகிறபோதுதான் வரும். அதுவரை ஹாஸ்டல் சாப்பாடு, வெள்ளை உடுப்பு, பஸ், புத்தகம் எல்லாம் நம் கையிலிருந்து போகவேண்டும். என் கையில் என்ன இருக்கிறது? மகளிர் குழுவில் சாமை குத்தும் மிஷின் ஓட்டி வரும் கூலி. அத்துடன் மாதம் பிறந்தால் பாங்கில் விழும் அவள் அப்பாவின் ஜீவனாம்சம். இந்த இரண்டையும் நம்பித்தான் திருப்பத்தூருக்கு விண்ணப்ப பாரம் வாங்கப் போனோம்.

ஜூன் மாதம் பணம் விழவில்லை.

அந்த மனுஷனைப் பற்றி நானும் நீயும் பேசாத பேச்சில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும், கோர்ட்டு உத்தரவு போட்ட நாளிலிருந்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் வந்தார். ஒடுகத்தூரில் இன்னொருத்தியோடு குடும்பம், அங்கே இரண்டு பிள்ளை, வாணியம்பாடிக்குத் தோல் ஏற்றும் லாரியில் டிரைவர் வேலை. எல்லாவற்றுக்கும் நடுவில் தேதி தவறாமல் கட்டியவர், நிறுத்துவதிலும் தேதி தவறவில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

"ஜூன் ஒண்ணோட பதினெட்டு முடிஞ்சிச்சி. மேஜர் ஆகற வரைக்கும்னுதான கோர்ட்டுல எழுதிக்கீது? நான் ஒரு மாசம் பாக்கி வெச்சிருக்கேனா, சொல்லு."

"புள்ள காலேஜ் சேரப்போற நேரங்க. இப்ப நிறுத்துனா இன்னா பண்ணுவா?"

"படிப்புன்னு அதுல எழுதல. கல்யாணம்னா சொல்லு, பாதி செலவு நான் ஏத்துக்கறேன். பதினெட்டு ஆயிட்ச்சே, சட்டப்படி செய்யலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை எந்த மாதம் பிறந்தாள் என்று இந்த ஆளுக்குத் தெரியும். மாசிக் கடைசியில், புளி உலுக்கிக்கொண்டிருந்த நாளில், நம் வீட்டுக்குள் பிறந்தவள். நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். ஜூனில் அவளுக்குப் பதினேழே கால். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்த மலைக்கே தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் காகிதத்தில் தேதி சொன்னவள் நீ.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் எங்களை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கீழே போளூரில் ஒரு நெல் மண்டியில் கூட்டிப்பெருக்கும் வேலைக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கினால் இருட்டியபிறகுதான் ஏறி வருவேன். பால்வாடி மாலை வரைதான். அதற்குப்பிறகு பிள்ளை உன் இடுப்பில். ஒருநாள் வந்து பார்த்தால் நீ உன் வீட்டு வாசலில் வெற்றி கண்டவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாய்.

"சேத்துட்டேன்டி. தங்கிப் படிக்கற இஸ்கூல்ல. மூணு வேளை சோறு, படுக்க எடம், எல்லாம் கீது. நீ இனிமே நிம்மதியா வேலைக்குப் போ."

"நாலு வயசுப் புள்ளய எப்பிடிடி சேத்துக்குனாங்க? அஞ்சு முடியணுமே."

"முடிஞ்சிதான் போச்சி. ஜூன் ஒண்ணோட."

நம் மலையில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களை ஒரு மைதானத்தில் நிறுத்தினால் இடம் போதாது. வீட்டிலேயே பிறந்த பிள்ளைகள், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் ஐந்து முடிந்ததாக ஒரு தேதி போட்டுவிட்டால் அட்மிஷன் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோரும் செய்ததைத்தான் நீயும் செய்தாய். ஆனால் மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். நீ பால்வாடி டீச்சர் அல்லவா, உன் கையாலேயே கடிதம் எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய்.

அன்று உன்னோடு சண்டை போட்டேன். விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டினேன். "உன் கணக்குப்படி அவ என் வயித்துல உண்டாகறதுக்கு முன்னியே பொறந்துட்டாடி" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பொய் சொன்னாயே என்றதற்கு நீ சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்.

"அது பொய்யில்லடி. எடம் புடிக்கறது."

அதற்குப்பிறகு ஜீவனாம்சக் கேஸ் போட்டோம். பிள்ளைக்கு என்ன ஆதாரம் என்று வக்கீல் கேட்டார். கையிலிருந்த ஒரே காகிதம் பள்ளிக்கூடச் சான்றிதழ், அதையே கொடுத்தோம். அப்படி அந்த ஜூன் ஒன்று கோர்ட்டுக் கட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது சொன்னேன், நாளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று. நீ பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே கையை ஆட்டினாய்.

"பதினெட்டு ஆவறதுக்கு இன்னும் எத்தினி வருசம் கெடக்குது! அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்! எதற்கெடுத்தாலும் அந்த ஒரு வார்த்தை. ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனால் நான் பாத்துக்கறேன். கூரை ஒழுகினால் நான் பாத்துக்கறேன். கடைசியில் ஒரு காய்ச்சலைப் பார்த்துக்கொள்ள உன்னால் முடியவில்லை. ஆடி மாதம் படுத்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் மூன்று நாள் கெஞ்சியும், எடை போடுகிற வாரம் முடியட்டும் என்றாய். முடிந்தது. நீயும் முடிந்துபோனாய். அந்தக் கோபமே எனக்கு இன்னும் தீரவில்லை, அதற்குள் இது.

போளூருக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன். பழைய வக்கீல் இப்போது இல்லை, அவரிடம் வேலை பார்த்த பெண்தான் இப்போது வக்கீல். சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, பதினெட்டு வயதோடு நிற்பதுதான் இந்த உத்தரவு, பிள்ளை காலேஜ் போனாலும் போகாவிட்டாலும் அதே கதைதான் என்றாள். கல்யாணம் ஆகாத பெண் தகப்பனிடம் கேட்பதற்கு வேறு ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் எங்களைப் போன்ற மலைச்சாதி ஜனங்களுக்கு அது செல்லுமா என்ற கேள்வியிலேயே பல வாய்தா ஓடிவிடும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜை மேலிருந்த தண்ணீரைக் கேட்காமலே எடுத்துக் குடித்துவிட்டேன். சாப்பாட்டுக்கும் நோட்டுக்கும் பணம் தரச்சொல்லுகிற சட்டம், அவள் பெரிய நோட்டு வாங்குகிற நேரம் பார்த்து வாசலைச் சாத்திக்கொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை மறுநாளே சம்பாதிக்கத் தொடங்கிவிடும் என்று எவர் வீட்டில் கண்டார்களோ!

"சரிக்கா, சான்றிதழ்ல இருக்கறது நெஜத் தேதி இல்லன்னு சொல்றீங்க. நெஜத் தேதிக்கு அப்பவே எழுதின எழுத்து எதாச்சும் கீதா?" என்று கேட்டாள் வக்கீல். "இருந்தா மாசி வரைக்கும் வாங்கலாம். ஒன்பது மாசம். மொத வருசத்த ஓட்டிடலாம்ல?"

"அதக் காட்டுனா அவ மார்க் ஷீட்டுக்கு எதாச்சும் வருமா?"

"நாம அதத் தொடப்போறதில்ல. ஜீவனாம்சத்துக்கு மட்டும் வயசு என்னான்னு கேக்கறோம். ஆனா எதிர்த்தரப்பு எதையாச்சும் கெளப்பி வுடும். வராதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

வீட்டில் சுகன்யாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு முறை முறைத்தாள்.

"ஏம்மா, இப்ப எனக்கு இன்னாதான் வயசு? ஒருத்தர் மேஜர்ங்கறாரு, ஒருத்தர் மைனர்ங்கறாங்க. ஓட்டுப் போடலாமா கூடாதா? அதயாச்சும் சொல்லு."

உன்னைப் போலவே கையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். எங்கே கற்றுக்கொண்டாளோ. உன் இடுப்பில் வளர்ந்தால் வேறு எப்படி இருப்பாள்.

அப்போதே எழுதின எழுத்து. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மிஷினில் சாமையைக் கொட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று உன் எடைப் பதிவேடு ஞாபகம் வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு பால்வாடிக்கு ஓடினேன். பின்னறையில் இரும்பு அலமாரி, அதன் அடித்தட்டில் எலி கடித்த கட்டுகள். புது டீச்சர் நல்ல பெண், முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். நீல அட்டை போட்டது கடைசியில் இருந்தது. திறந்தேன். அதே மாவு வாசனை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

சுகன்யாவுக்கு ஒரு பக்கம். மாதத்துக்கு ஒரு கட்டம். பிறந்த வாரத்தில் மாசி மாதத் தேதியோடு முதல் எடை. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் தேதி, எடை, குறிப்பு. ஐந்து வருஷத்துக்கு அறுபது கட்டம். நீ பேனாவைக் கடப்பாரையைப் பிடிப்பதுபோல் பிடிப்பாயே, ஒவ்வொரு எழுத்தும் தாளில் குழி விழுந்து கிடந்தது. இரண்டு கட்டத்தில் மட்டும் எடை இல்லை, "ஊரில் இல்லை" என்று எழுதியிருந்தாய். ஆமாம், நான் அவளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்த மாதங்கள். "சளி", "பல் முளைத்தது", "அடம், இறங்க மறுத்தாள்". நான் அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டே போனேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புது டீச்சர் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆனால் அந்தப் பக்கம் ஜூனில் நிற்கவில்லையடி. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட பிறகும் கட்டங்கள் நிரம்பியிருந்தன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், அடுத்த மாசி வரைக்கும். ஒவ்வொன்றிலும் எடை. ஒவ்வொன்றிலும் சத்துமாவு ஒரு பொட்டலம் கொடுத்ததாகக் கையெழுத்து.

அப்போது ஞாபகம் வந்தது. நீ அந்தத் தொங்கு தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பாயே! வராந்தா உத்தரத்தில் கொக்கியை மாட்டி, துணிப் பைக்குள் அவளை உட்காரவைத்துத் தொங்கவிடுவாய். கூட இருக்கும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கும். இவளுக்கு மானம் போகும். "அத்தை வேணாம் அத்தை" என்று கத்துவாள். நான் ஒரு தடவை கேட்டேன், இஸ்கூலுக்குப் போன பிள்ளையை எதற்கு இன்னும் எடை போடுகிறாய் என்று. "இன்னும் அஞ்சு முடியலயே" என்றாய். சேர்க்கும்போது முடிந்துபோன ஐந்து, உன் பதிவேட்டில் மட்டும் முடியவில்லை.

ஒரு நாள் இது தேவைப்படும் என்று தெரிந்து செய்தாயா? அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் யோசிக்கிறவள் அந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டாய். உனக்குப் பதிவேட்டில் காலிக் கட்டம் ஆகாது, அவ்வளவுதான். கோலத்தில் புள்ளி விட்டுப்போனாலும் அடுத்த வீட்டு வாசலில் போய் வைத்துவிட்டு வருகிறவள் நீ.

புது டீச்சர்தான் தயங்கினாள். "அக்கா, இஸ்கூல்ல இருந்த புள்ளைக்கு இங்க மாவு குடுத்த மாதிரி கீது. கோர்ட்டுக்குப் போச்சின்னா அவங்களப் பத்தி நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. செத்தவங்க பேரு."

எனக்கும் அது சுருக்கென்று தைத்தது. அந்த மாவு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் உருண்டை பிடித்து முந்தானையில் முடிந்து அவளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாய். ஆனால் அதற்குச் சாட்சி யார்? நேராக உன் வீட்டுக்காரரிடம் போனேன். அவர் புளியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ பேரா? அவ இருந்திருந்தா அந்த ரிஜிஸ்டர அவளே தலமேல வெச்சினு முன்னாடி நடந்திருப்பா. இன்னாத்துக்கு என்னக் கேக்கற? எட்த்துக்குனு போ."

அப்புறம் மனு, வாய்தா, இன்னொரு வாய்தா. ஒரு முறை பதிவேட்டை எடுத்துவர மேலதிகாரியின் அனுமதி வரவில்லை, ஒரு முறை சுகன்யா அப்பா தரப்பு வக்கீல் வரவில்லை, ஒரு முறை மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து நாங்களே போகவில்லை. பிள்ளை மைனர் என்று நிரூபிப்பதற்குள் அவள் நிஜமாகவே மேஜர் ஆகிவிடுவாள்போல இருந்தது. இதற்கிடையில் குழுவில் கடன் வாங்கி அவளைத் திருப்பத்தூரில் சேர்த்துவிட்டேன். இரண்டாவது தவணை கட்டவில்லை என்று ஹாஸ்டலிலிருந்து போன் மேல் போன். இல்லையென்றால் அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒவ்வொரு போனுக்கும் உன்னை ஒருதரம் திட்டினேன். மொத்தம் எத்தனை திட்டு என்று எண்ணவில்லை, ஆனால் நிறைய வாங்கியிருக்கிறாய்.

மார்கழியில் ஒருவழியாக விசாரணை நடந்தது. புது டீச்சர் பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அவர் தரப்பு வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உன் கடிதத்தை வாங்கி வைத்திருந்தார். கடிதத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தார், பதிவேட்டை இன்னொரு கையால் காட்டினார்.

"ரெண்டும் ஒரே பால்வாடி டீச்சரோட கையெழுத்து. இதுல ஜூன், அதுல மாசி. இதுல எது பொய்னு மனுதாரரே சொல்லட்டும்."

உனக்கு எப்போதும் வாய் ஓயாது. அன்றைக்கு உன் வாய் எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது தெரியுமா? கூண்டில் நின்று கதவையே ஒரு நிமிஷம் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி. நீ செருப்பைச் சரசரவென்று தேய்த்துக்கொண்டு உள்ளே வந்து, "நான் பாத்துக்கறேன், நீ வாய மூடு" என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. யாரும் வரவில்லை.

"கடிதாசிதான் பொய்ங்க ஐயா," என்றேன். "என் புள்ளைக்குச் சோறும் எடமும் கெடைக்கணும்னு அவ எழுதுனது. பொய்னா ஒரு வரியில எழுதிடலாம். இது அறுபது மாசம் தராசத் தூக்கிக்குனு நடந்து எழுதுனது. பொய்க்கு யாருங்க அவ்ளோ நடப்பாங்க? பக்கத்தத் திருப்பி பின்னாடி தடவிப் பாருங்க. அழுத்தி எழுதுவா."

மாஜிஸ்திரேட் தடவிப் பார்க்கவில்லை. ஆனால் படித்தார். மேலிருந்து கீழே, ஒவ்வொரு கட்டமாக. பிறகு முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய், குறிப்பு என்ற இடத்தில் நீ எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"தந்தை தூக்கி வந்தார். எடை போடும்போது அழுதாள். தந்தையும் அழுதார்."

அதை நான் அலமாரிக்கு முன்னால் படித்தபோது சட்டைசெய்யாமல் தாண்டிப்போயிருந்தேன். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கி சுகன்யாவின் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்கதானே அது?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலை நரைத்துவிட்டது. காகிதத்தில் ஜூன் என்று எழுதியிருக்கிறது என்று சொல்ல வந்த மனுஷன்.

"ஆமாங்க."

"எந்த மாசம்?"

அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"மாசிங்க. புளி உலுக்கிக்கினு இருந்தோம். பாதியில வுட்டுட்டு ஓடினேன்."

அவ்வளவுதான். தை மாதம் உத்தரவு வந்தது. உண்மையில் பதினெட்டு முடிகிற இந்த மாசி வரைக்கும், பாக்கியும் சேர்த்து. ஹாஸ்டல் தவணை கட்டியாயிற்று, குழுக் கடனில் பாதி அடைந்தது. சான்றிதழைப் பற்றி யாரும் ஒன்றும் கிளப்பவில்லை. சுகன்யா முதல் வருஷம் திருப்பத்தூரில் ஊசி போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் ஜீவனாம்சத்தின் கடைசித் தவணை பாங்கில் விழுந்தது. இனி வராது. இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறது, அதற்கு எந்தப் பதிவேட்டைத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வக்கீல் சொன்ன அந்த இன்னொரு சட்டத்தில் மனுப் போடவேண்டுமானால் இனி பிள்ளையே கையெழுத்துப் போடவேண்டுமாம். வேண்டாம், மிஷினில் இன்னொரு ஷிப்ட் பார்க்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. "கெடைக்குதோ இல்லியோ, கேக்காம வுடமாட்டேன். நீ சும்மா இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. இந்த வார்த்தையை நம்பி நான் பட்டது போதாதா? ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நேற்று அவள் ஒருநாள் லீவில் வந்திருந்தாள். உருண்டையைத் தின்றுகொண்டே மிஷின் வீட்டுக்கு என்னோடு வந்தாள். சாமை மூட்டை நிறுக்கிற தராசில் ஏறு என்றேன். ஏன் என்று கேட்டாள். ஏறுடி என்றேன். முனகிக்கொண்டே ஏறினாள். நாற்பத்தாறு கிலோ. உடம்பில் ஒன்றும் இல்லை, ஹாஸ்டல் சாப்பாடு அப்படி.

பதிவேடு பழையபடி அலமாரிக்குப் போய்விட்டது. கோர்ட்டுக்காக எடுத்த நகல் என்னிடம்தான் இருக்கிறது. நகலில் உன் குழிகள் இல்லை, தடவினால் வழவழவென்று இருக்கிறது. அறுபதாவது கட்டத்தில், "ஐந்து வயது நிறைவு. மையத்திலிருந்து அனுப்பப்படுகிறாள்" என்று நீ எழுதியிருந்ததற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்தேன். தேதி போட்டேன். எடை போட்டேன். குறிப்பு என்ற இடத்தில், "பதினெட்டு வயது நிறைவு. படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று, பேனா முனை மழுங்குகிற மாதிரி அழுத்தி எழுதினேன்.

கட்டம் காலியாக இல்லை. போதுமா?